வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி: திருகோணமலைத் துறைமுகப் பகுதிக் கமக்காரருக்கான குறிப்புகள்

திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரருட் பலர் கடலுக்கு அண்மையில் வாழ்பவர். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் ஆகிய பகுதிகளில் வயல் வாய்க்கால் முடியுமிடத்தில் உவர்நீர் தொடங்குகின்றது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களில் மரக்கறித் தோட்டத்து வேலிக்கு அப்பால் அலையோசை கேட்கின்றது. ஆதலின், புறாமலையைச் சூழ்ந்துள்ள முருகைக்கற் பாரையும் அங்கு வாழும் வண்ண மீன்களையும் கண்டவர், அவற்றுட் சிலவற்றை வீட்டிற் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்க விரும்புதல் இயல்பே.

நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியோர் இதனை எளிதென எண்ணுவர். ஆனால் கடலிலிருந்து ஒரு வாளி நீரும், ஒரு துண்டு முருகையும், இரண்டு மீன்களும் கொண்டுவந்து தொட்டியில் இட்டால், சில நாட்களுள் நீர் கலங்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். முருகை அழுகி நாற்றமெடுக்கும். இவ்வாறு ஆவது ஏன் என்பதையும், முறையாக வளர்ப்பதற்கு வேண்டியவை யாவை என்பதையும், இதனால் வயல் செய்வோர் அறியத்தக்கது யாது என்பதையும் இப்பிரசுரம் கூறும்.

முருகை என்பது யாது?

தமிழ்நாட்டிற் பவளப்பாறை எனவும், இலங்கையில் முருகைக்கல் எனவும் வழங்கப்படுவது வெறுங் கல்லன்று. மிகச் சிறிய கடலுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, கடல்நீரிலுள்ள கல்சியத்தைச் சுண்ணாம்பாக்கிக் கட்டிய வீடே அது. அவ்வுயிர்களின் தசைக்குள் நுண்ணிய பாசி வாழ்கின்றது. நெற்பயிர் இலையில் உணவு ஆக்குவது போல, அப்பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதிற் பெரும்பகுதியைத் தனக்கு இடங்கொடுத்த உயிருக்கு வழங்குகின்றது.

கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்திலும் ஒரு பாகை கூடிப் பல வாரம் அவ்வாறே நின்றால், இப்பாசி நீங்கிவிடும். முருகை வெளிறும். வெளிறல் நீடித்தால் அது பட்டினியால் இறக்கும். 1998 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரத்தில் இவ்வெளிறல் பரவியபோது, இலங்கையின் தென்கரையிலும் மேற்குக் கரையிலும் பல பார்கள் அழிந்தன. திருகோணமலைப் பார்கள் பெரும்பாலும் தப்பின. ஆதலின், இம்மாவட்டத்தில் எஞ்சியிருப்பவை நாடு முழுவதற்கும் விதைநெல் போன்றவை.

முருகை மெல்ல வளர்வது. கிளைவிடும் வகைகள் ஆண்டுக்குச் சில சதமமீற்றரும், விரைந்து வளர்வன 10 சதமமீற்றர் வரையும் நீளும். உருண்டைப் பாறை வடிவான வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதமமீற்றரே வளரும். ஒரு மீற்றர் உயரமான முருகைப் பாறை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் விளைவாகும். அதனை உடைத்தெடுக்க ஒரு நிமிடம் போதும்.

தொட்டியின் அளவும் இடமும்

சிறிய தொட்டி பராமரிக்க எளிது என்பது தவறான எண்ணம். குறைந்த நீர் விரைவிற் சூடேறும், விரைவில் உப்பேறும், விரைவில் நஞ்சேறும். முதன்முறை வைப்போருக்கு ஏறத்தாழ 200 இலீற்றர் கொள்ளுந் தொட்டி ஏற்றது. 90 சதமமீற்றர் நீளம், 45 சதமமீற்றர் அகலம், 50 சதமமீற்றர் உயரமுள்ள தொட்டி இவ்வளவு நீர் கொள்ளும். நீர் மட்டுமே 200 கிலோ நிறையாகும். மணல், கல், கண்ணாடி ஆகியவற்றின் நிறையையும் தாங்கவல்ல உறுதியான மேடை அமைத்தல் வேண்டும். நேர்வெயில் படும் யன்னலோரமும், அடுப்புப் புகை எட்டும் இடமும், கிருமிநாசினி வைத்திருக்கும் அறையும் தொட்டிக்கு ஆகா.

நீரும் உப்பும்

கடல்நீரின் ஓர் இலீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உண்டு. இவற்றுட் சோடியமும் குளோரைட்டும் ஏறத்தாழ 85 வீதம். எஞ்சியவை மகனீசியம், சல்பேற்று, கல்சியம், பொற்றாசியம் முதலியன. உப்பளத்தில் விளையும் உப்பு பெரும்பாலுஞ் சோடியங் குளோரைட்டே. மகனீசியம் முதலியன எஞ்சிய கசப்புநீரிலே தங்கிவிடும். ஆகவே, சமையலுப்பை நீரிற் கரைத்துக் கடல்நீர் ஆக்க முடியாது. தொட்டிக்கென விற்கப்படும் கலவையுப்பையே பயன்படுத்தல் வேண்டும். 100 இலீற்றர் நீருக்கு ஏறத்தாழ 3½ கிலோ தேவைப்படும்.

இயற்கைக் கடல்நீரைப் பயன்படுத்த விரும்புவோர் காலத்தையும் இடத்தையும் அறிந்து எடுத்தல் வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மகாவலி கங்கை பெருகிக் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அக்காலத்திற் குடாவின் மேல்நீர் உப்புக் குன்றியும் வண்டல் மிகுந்துமிருக்கும். துறைமுகத்தினுள் எண்ணெயுங் கழிவும் கலந்திருத்தல் கூடும். ஆகவே சிறுபோகக் காலத்தில், கடல் அமைதியாய் உள்ளபோது, ஆற்றுவாய்க்கும் துறைக்கும் விலகிய கரையில் எடுத்தலே நன்று.

உப்பின் அளவை நீரமானியால் அறியலாம். தன்னீர்ப்பு 1.024 முதல் 1.026 வரை இருத்தல் வேண்டும். இங்கு ஒரு பிழை அடிக்கடி நேர்கின்றது. தொட்டியில் நீர் குறைந்தவுடன் மீண்டுங் கடல்நீரை ஊற்றுவர். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 இலீற்றரில் 10 இலீற்றர் ஆவியாகிவிட்டால், 35 கிராமாயிருந்த உப்பு ஏறத்தாழ 39 கிராமாக ஏறும். அதன்மேற் கடல்நீரை ஊற்றினால் உப்பு மேன்மேலும் ஏறும். கோடையில் வயலின் நீர் வற்ற, மண்ணின்மேல் வெள்ளையாகப் பூக்கும் உவரைக் கண்டவருக்கு இது புதிதன்று. உவர் வயலை நன்னீர் கட்டிக் கழுவுவது போல, ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே நாள்தோறும் ஊற்றுதல் வேண்டும்.

அந்த நன்னீரும் தூயதாயிருத்தல் வேண்டும். குழாய்நீரிற் குளோரின் உண்டு. தோட்டத்துக் கிணற்று நீரிற் பசளையிலிருந்து இறங்கிய நைத்திரேற்று இருத்தல் கூடும். நுண்சவ்வினாற் சுத்திகரித்து விற்கப்படும் நீர் ஏற்றது. தகரக் கூரையில் விழுந்த மழைநீரில் நாகம் கலந்திருத்தல் கூடுமாதலால் அதனை விலக்குக.

தொட்டி பக்குவப்படுங் காலம்

கடல்நீர்த் தொட்டி வைப்போர் தோல்வியுறுவதற்கு முதற் காரணம் அவசரம். நீர் தெளிவாய் இருப்பதாற் தொட்டி ஆயத்தமாயிற்று எனக் கருதலாகாது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் தீங்கு செய்வதே. மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். இது அவ்வளவு கொடியதன்று. இவ்விரு வகைப் பற்றீரியாக்களும் கல்லிலும் மணலிலும் படிந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை மீன் இடலாகாது. மிகச் சிறிதளவு தீனியை மட்டும் இட்டு, சோதனைப் பெட்டியால் நீரைப் பரீட்சித்து வருதல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை எனக் காட்டிய பின்னரே முதல் மீனை இடலாம். நெற்பயிரின் நைதரசன் தேவையை இலைநிற அட்டையுடன் ஒப்பிட்டு அறிவது போலவே, சோதனை நீரின் நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டு இதனையும் அறியலாம்.

இம்மாற்றம் கமக்காரரின் வயலிலும் நாள்தோறும் நிகழ்கின்றது. நீர் நின்ற வயலில் மண்ணின் மெல்லிய மேற்படையில் ஒட்சிசன் உண்டு; அதன்கீழ் இல்லை. யூரியாவை மேலே தூவினால், அது அமோனியாவாகிப் பின் நைத்திரேற்றாகும். நைத்திரேற்று கீழ்ப்படைக்கு இறங்கி, அங்கு நைதரசன் வாயுவாகி வானிற் கலந்துவிடும். வயலில் இது நட்டம். தொட்டியிலோ இதுவே பெரும் நன்மை. தடித்த கல்லின் உட்புறத்திலும் ஆழ்ந்த மணற்படையிலும் ஒட்சிசன் இல்லாத இடத்தில் நைத்திரேற்று இவ்வாறே வாயுவாகி நீங்குகின்றது. துளைகள் நிறைந்த கல்லைத் தொட்டியில் வைப்பது அழகுக்காக மட்டுமன்று. அதுவே தொட்டியின் துப்புரவுத் தொழிலாளி.

இக்கல்லைப் பாரிலிருந்து எடுக்கலாகாது. துளையுள்ள சுண்ணாம்புக்கல்லோ, தொட்டிக்கெனச் செய்யப்பட்ட செயற்கைக் கல்லோ போதுமானது.

ஒளி, நீரோட்டம், வெப்பம்

முருகைக்குப் பயிரைப் போலவே ஒளி வேண்டும். வெண்மையும் நீலமுங் கலந்த எல்.ஈ.டி. விளக்கை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் எரியவிடுதல் வழக்கம். பாரில் அலை ஓயாது மோதுவது போலத் தொட்டியிலும் நீர் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். தேங்கிய நீரில் முருகையின்மேற் கழிவு படிந்து அது மூச்சடைக்கும். நுரை எழுப்பிக் கழிவை நீக்குங் கருவியும் பெரிதும் உதவும்.

இம்மாவட்டத்திற் பெரிய இடையூறு வெப்பமே. தொட்டி நீர் 24 முதல் 27 பாகை செல்சியசு வரை இருத்தல் சிறந்தது. கோடை நடுப்பகலில் வீட்டினுள்ளும் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். நீர் சூடேறச் சூடேற அதிற் கரையும் ஒட்சிசன் குறையும். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியாற் காற்று வீசச் செய்தால், ஆவியாதலால் நீர் இரண்டு மூன்று பாகை குளிரும். அப்போது நன்னீர் ஊற்றும் அளவு கூடும் என்பதையும் மறத்தலாகாது. குளிரூட்டுங் கருவி உண்டு. அதன் விலையும் மின் கட்டணமும் அதிகம்.

மின்தடை சில மணித்தியாலம் நீடித்தாலே மீன்கள் மூச்சுமுட்டும். மின்கலத்தால் இயங்குங் காற்றுக் கருவி ஒன்றை எப்போதும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து

முருகை வளர வளர நீரிலுள்ள கல்சியமும் காரத்தன்மையும் குறைந்துகொண்டே போகும். நீரில் இலீற்றருக்குக் கல்சியம் 380 முதல் 450 மில்லிகிராம் வரையும், மகனீசியம் ஏறத்தாழ 1300 மில்லிகிராமும் இருத்தல் வேண்டும். பி.எச். பெறுமானம் 8.1 முதல் 8.4 வரை இருத்தல் நன்று. கிழமைதோறும் நீரின் பத்திலொரு பங்கை நீக்கிப் புதிய உப்புநீர் இடுவதால், குறைந்த சத்துக்கள் ஓரளவு ஈடாகும். சேர்ந்த கழிவும் குறையும்.

மீன் தெரிதலும் தீனியும்

எல்லாக் கடல்மீனும் தொட்டியில் வாழா. முருகையின் தசையையே உணவாகக் கொள்ளும் வண்ணாத்திமீன் வகைகள் வேறு தீனியைத் தொடாமலே மெலிந்து இறக்கும். மற்ற மீன்களின் உடலைத் துப்புரவாக்கி வாழுஞ் சிறு மீன்களும் அவ்வாறே. கோமாளி மீன் வன்மையுள்ளது. தொட்டியிலேயே இனம் பெருக்கத்தக்கது. இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை வகுத்துள்ளது. பாரிற் பிடிக்கப்பட்ட மீனை விடப் பண்ணையிற் பிறந்த மீன் தீனியை எளிதில் ஏற்கும், நோயும் குறைவு.

200 இலீற்றர்த் தொட்டிக்குச் சிறு மீன்கள் நான்கைந்து போதும். அவற்றையும் ஒன்றாக இடாது, சில வார இடைவெளியில் ஒவ்வொன்றாக இடுதல் வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு தீர்க்குமளவே தீனி இடுக. எஞ்சிய தீனி பசளையாகும். பசளை பாசியை வளர்க்கும். நெருக்கி நட்டு மிகுதியாய்ப் பசளையிட்ட வயல் நோயை அழைப்பது போன்றதே இதுவும்.

நஞ்சும் நோயும்

கமக்காரர் வீட்டில் இது தனியே கவனிக்கத்தக்கது. மரக்கறிப் பயிரின் பங்கசு நோய்க்குத் தெளிக்கப்படும் போடோக் கலவை முதலிய மருந்துகளிற் செப்பு உண்டு. மிகச் சிறிதளவு செப்பும் முருகையையும் இறாலையும் நத்தையையுங் கொன்றுவிடும். மருந்து கலந்த வாளி, தெளிகருவி, அளவுக் கிண்ணம் ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலுந் தொட்டிக்குப் பயன்படுத்தலாகாது. மருந்து தெளித்து வந்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்னீரால் நன்கு அலசிய பின்னரே தொட்டியருகிற் செல்லுதல் வேண்டும்.

மீனின் உடலில் வெண்புள்ளிகள் தோன்றினால் அது தொற்றுநோய். இதற்குச் செப்பு மருந்து உண்டெனினும், முருகை உள்ள தொட்டியில் அதனை இடலாகாது. மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றியே மருந்திடுதல் வேண்டும். புதிய மீனைப் பல வாரம் தனியே வைத்துப் பார்த்த பின் பெருந்தொட்டியில் விட்டால், இந்நோய் பெரும்பாலும் வராது.

சட்டம் கூறுவது

புறாமலை 1963 ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 2003 ஆம் ஆண்டிற் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. அங்கிருந்து முருகையோ, சிப்பியோ, மீனோ எடுத்தல் குற்றமாகும். 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தல் தடைசெய்யப்பட்டது. பாரின்மேல் மொக்சி வலை இட்டு மீன் பிடித்தலும், 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழான விதிகளாற் தடைசெய்யப்பட்டுள்ளது. அவ்வலை முருகைக் கிளைகளை முறித்துவிடுவதே காரணம்.

வண்ணக் கடல்மீன் வணிகம் உலகில் முதன்முதலாக 1930 களில் இலங்கையிலேயே சிறு அளவிற் தொடங்கியது. இன்றும் அத்தொழிலால் வாழ்வோர் உளர். அவர்கள் தொழில் நிலைப்பதும் பார் அழியாதிருப்பதைப் பொறுத்ததே. அலங்கார மீனால் மேல்வருமானம் பெற விரும்புங் கமக்காரர், நன்னீர் அலங்கார மீன் வளர்ப்பையே முதலில் மேற்கொள்ளுதல் தகும். அதற்கான ஆலோசனையைத் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் பெறலாம்.

தொட்டியும் வயலும்

தொட்டி வைப்பவர் அஞ்சும் பொருள்கள் இரண்டு: நைத்திரேற்று, பொசுபேற்று. முருகைத் தொட்டியில் நைத்திரேற்று இலீற்றருக்கு 10 மில்லிகிராமிலும், பொசுபேற்று 0.1 மில்லிகிராமிலும் குறைவாயிருத்தல் வேண்டும். கூடினாற் பச்சைப் பாசி பெருகி முருகையை மூடிவிடும். இவ்விரண்டும் கமக்காரர் விலை கொடுத்து வாங்கி வயலில் இடும் பசளைச் சத்துக்களே. பயிருக்கு உயிரானவை முருகைக்குக் கேடாகின்றன.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் வடிநீர் தம்பலகாமக் குடாவை அடைந்து, கிண்ணியாவைக் கடந்து கொட்டியாரக் குடாவிற் சேர்கின்றது. கரையோர மணல் நிலத்துத் தோட்டங்களில் மிகுதியாக இட்ட நைதரசன் மழையுடன் நிலத்தடி நீருக்கு இறங்குகின்றது. அவுத்திரேலியாவின் குவீன்சுலாந்தில் கரும்பு நிலங்களிலிருந்து இறங்கும் பசளையும் வண்டலும் அங்குள்ள பெரிய முருகைப் பாருக்குத் தீங்கு செய்வதை அறிந்து, அரசு 2003 ஆம் ஆண்டிலிருந்து கமக்காரருடன் சேர்ந்து அதனைக் குறைக்க முயன்று வருகின்றது.

இதனாற் பசளையே இடவேண்டாம் என்பது கருத்தன்று. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது விளைச்சல் குன்றிக் கமக்காரர் பட்ட இன்னல் யாவரும் அறிந்ததே. வேண்டிய அளவை வேண்டிய காலத்தில் இடுவதே கருத்து. யூரியாவைப் பல தடவையாகப் பிரித்து இடல், பெருமழை வருமுன் இடாதிருத்தல், பசளை இட்ட சில நாட்களுக்கு வரம்பை அடைத்து நீரை வெளியே விடாதிருத்தல், மண்ணைப் பரிசோதித்துப் பொசுபேற்றின் அளவைத் தீர்மானித்தல் ஆகியவை கமக்காரரின் பணத்தையுங் காக்கும், கடலையுங் காக்கும். வாய்க்காலில் ஓடிப்போன பசளை இருவருக்கும் நட்டமே. இவை பற்றி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறியலாம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. மீன் இடுமுன் தொட்டியை ஆறு வாரமாவது பக்குவப்படுத்துக.

2. ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுக.

3. முருகையையும் கல்லையும் கடலிலிருந்து எடுக்காதிருக்க.

4. கிருமிநாசினி பட்ட எப்பாத்திரத்தையுந் தொட்டிக்கு ஆளாதிருக்க.

5. தீனியிலும் மீனின் தொகையிலும் சிக்கனமாயிருக்க.

6. நாள்தோறும் கவனிக்க நேரமும், மின்சாரத்துக்கும் உப்புக்குஞ் செலவிட வசதியும் இல்லாதவர் நன்னீர்த் தொட்டியுடன் அமைக.

நாற்பது பரப்பு வயலையும் ஒருவர் தனியே காத்துவிடலாம். இரண்டு முழக் கண்ணாடித் தொட்டியிற் கடலைக் காத்தல் அதனிலும் அரிது. அவ்வருமையை உணர்ந்தவர், ஒருவர் கைப்படாமலே நிலாவெளிக்கு அப்பால் தானே நடந்துவரும் பெருந்தொட்டியின் மதிப்பை நன்கு அறிவர். குழந்தைகளுக்கு வண்ண மீன்களைக் காட்ட விரும்பும் பெற்றோர், கடல் அமைதியான மாதங்களில் அனுமதிச் சீட்டுப் பெற்றுப் படகிற் சென்று, முருகையின்மேற் கால் வைக்காமல், அவை வாழும் இடத்திலேயே காட்டிவரலாம். அதற்கு ஆகுஞ் செலவு குறைவு. அதனால் எவ்வுயிரும் இறப்பதில்லை.